பட்டியலில் நாமும் இருந்தோம்!

உங்கள் வீட்டுப் பிள்ளை சுவரில் யாருடைய படத்தை ஒட்டி வைத்திருக்கிறான்? ரொனால்டோவா? கோலியா? நம்ம லீ சோங் வெய்யா? அந்தப் படத்தில் இருப்பவர் ஒருநாள் காலையில் உங்கள் பிள்ளையைப் பார்த்து, "நீ நரகத்துக்குத்தான் போவாய்" என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஆஸ்திரேலியாவில் அப்படித்தான் நடந்தது. 10 ஏப்ரல் 2019 அன்று, இஸ்ராயேல் ஃபொலாவ் என்ற ரக்பி ஆட்டக்காரர் தமது இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு பட்டியலைப் போட்டார். நம்மில் பலருக்கு ரக்பி பழக்கமில்லை. முட்டை மாதிரி இருக்கும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் முரட்டு விளையாட்டு அது. ஆனால் அந்த நாட்டில் ஃபொலாவ் சாதாரண ஆள் இல்லை. தேசிய அணிக்கு 73 ஆட்டங்கள் ஆடியவர். டோங்கா தீவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. பையன்கள் அவரைப் போலவே பந்தைத் தாவிப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த காலம்.

அந்தப் பட்டியலில் எட்டு வகையான மனிதர்கள் இருந்தார்கள். குடிகாரர், ஓரினச் சேர்க்கையாளர், பிறன்மனை நாடுவோர், பொய்யர், திருமணமாகாமல் உறவு கொள்வோர், திருடர், கடவுள் மறுப்பாளர். இத்தனை பேருக்கும் நரகம் காத்திருக்கிறது, மனந்திரும்புங்கள் என்று எச்சரிக்கை. எட்டாவது யார் தெரியுமா? சிலை வணங்குவோர்!

ஆம், பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கும் உங்கள் அம்மா. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் உங்கள் பாட்டி. எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆஸ்திரேலியா முழுக்க மாதக் கணக்கில் நடந்த வாக்குவாதத்தில் அந்த எட்டாவது சொல்லைப் பெரிதாக எடுத்துப் பேசியவர்கள் மிகக் குறைவு. நமக்கு மட்டும் அது உடனே கண்ணில் படுகிறது. பட்டபிறகும் பலர், "அது வெள்ளைக்காரன் ஊர்ப் பிரச்சினை, ஓரினச் சேர்க்கைக்காரன் பிரச்சினை, நமக்கென்ன?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபொலாவுக்குத் தம் சமயத்தை நம்பவும், அதைப் பேசவும் உரிமை உண்டு. அவருடைய கருத்து நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர் வாயைக் கட்ட வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது. வாயைக் கட்டினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா? 25 நவம்பர் 2007 அன்று ஆயிரக்கணக்கில் கோலாலம்பூர் சாலைகளில் நின்று, கண்ணீர்ப்புகையையும் இரசாயன நீரையும் வாங்கியவர்கள் நாம். அடுத்த மாதம் 13-ஆம் தேதி இண்ட்ராப் தலைவர்கள் ஐவரை விசாரணையில்லாமல் கமுந்திங்கில் அடைத்தார்கள். அந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் ரத்தானது. ஆனால் 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம் ரத்தாகவில்லை. தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு 2025 பிப்ரவரியில் இன்னும் கடுமையானது. முன்பு 50,000 ரிங்கிட்டும் ஓராண்டுச் சிறையுமாக இருந்த உச்சத் தண்டனை, 5 லட்சம் ரிங்கிட்டும் ஈராண்டுச் சிறையுமாக ஏறியது. பேச்சைத் தண்டிக்கும் சட்டம் எந்த நாட்டிலும் பெரிய வீட்டுக் கதவை முதலில் தட்டுவதில்லை.

ஆனால் உரிமை இருக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடுமா?

ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டே ஒருவர், "அவனெல்லாம் நரகத்துக்குத்தான் போவான்" என்கிறார். நாலு பேர் கேட்பார்கள், இரண்டு பேர் எதிர்த்துப் பேசுவார்கள், கடைக்காரர் "சரி விடுங்க அண்ணே" என்பார், அத்தோடு போச்சு. ஃபொலாவ் சொன்னது லட்சக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்த ஒரு பக்கத்தில். அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒரு சிற்றூரில் 14 வயதுப் பையன் ஒருவன் இருந்திருப்பான். தான் மற்றவர்களைப் போல் இல்லை என்று தெரிந்து, வீட்டில் சொல்லப் பயந்து, ராத்திரியில் தூங்காமல் கிடப்பவன். அவனுடைய சுவரிலும் ஃபொலாவின் படம்தான். ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆட்டக்காரர்களில், தாம் ஓரினச் சேர்க்கையாளர் என்று 1995-இலேயே வெளிப்படையாகச் சொன்னவர் இயன் ராபர்ட்ஸ். ஃபொலாவின் பதிவுக்குப் பிறகு அவர் தொலைக்காட்சியில் கலங்கிப் பேசினார். இத்தகைய சொற்களும் சேர்ந்துதான் இளம்பிள்ளைகளைத் தற்கொலைவரை தள்ளுகின்றன என்றார். அவர் ஏட்டில் படித்ததைச் சொல்லவில்லை, தாம் பட்டதைச் சொன்னார்.

நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். முகம் சுளிக்காதீர்கள். இருக்கிறார்கள்.

சமய நம்பிக்கையை மைதானத்துக்குக் கொண்டுவந்த விளையாட்டாளர்கள் வேறு பலரும் உண்டு. 1967-இல் முகமது அலி, வியட்நாம் போருக்குப் போக மாட்டேன், என் சமயம் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றார். பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றாண்டுக்கு மேல் குத்துச்சண்டை ஆட விடவில்லை. 1971-இல்தான் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017-இல் நியூசிலாந்தின் சோனி பில் வில்லியம்ஸ், வட்டி வாங்கும் வங்கியின் பெயரைச் சுமக்க மாட்டேன் என்று தம் சட்டைக் கழுத்துப்பட்டையிலிருந்த சின்னத்தை ஒட்டுநாடாவால் மறைத்தார். கடைசியில் அவர் மனசாட்சிக்கு வாரியம் இடம் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் அம்லா பீர் நிறுவனத்தின் சின்னம் இல்லாத சட்டையோடுதான் ஆடினார். 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, காஸா மக்களை மனதில் வைத்து, எல்லா உயிரும் சமம் என்ற பொருள்படும் வாசகத்தைத் தம் காலணியில் எழுதினார். அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் அதை அனுமதிக்கவில்லை. அவர் கறுப்புப் பட்டை கட்டி ஆடினார், அதற்கும் கண்டனம் வந்தது.

இவர்கள் எல்லாரும் சமயத்தைத் தங்கள் உடம்பின் மேல் சுமந்தார்கள். நான் இதைச் செய்ய மாட்டேன், அதற்கான விலையை நானே கொடுக்கிறேன் என்றார்கள். ஃபொலாவின் பட்டியலில் "நான்" இல்லை. "நீங்கள்" மட்டும்தான். விலையைக் கொடுக்க வேண்டியவன் அந்த 14 வயதுப் பையன். என் கணக்கில் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சிறுபான்மையாக வாழ்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்ள யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கிசோனாவை மறந்துவிட்டீர்களா? 2019 சீ விளையாட்டில் பூப்பந்து மகளிர் ஒற்றையர் தங்கத்தை நாட்டுக்கு வாங்கிக் கொடுத்த நெகிரி செம்பிலான் பெண். 2021 அக்டோபரில் பின்லாந்தில் நடந்த சுதிர்மான் கிண்ண அரையிறுதியில், ஜப்பானின் உலகத்தர ஆட்டக்காரியிடம் தோற்றார். விளையாட்டில் தோல்வி சகஜம். ஆனால் ஓர் அரசியல்வாதி முகநூலில் அவரை "கெலிங்" என்று இழிவாக எழுதினார். எந்த எஸ்டேட்டிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தார்களோ என்ற பொருளில் ஏளனமும் செய்தார். நாடே கொதித்த பிறகு மன்னிப்புக் கேட்டார். அன்று நாம் என்ன சொன்னோம்? "அது அவருடைய கருத்துச் சுதந்திரம்" என்றா சொன்னோம்? வார்த்தைக்கு எடை உண்டு, மேலே நிற்பவன் கீழே எறிந்தால் கல்லுக்கு வேகம் கூடும் என்று சொன்னோம். அதே அளவுகோலை ஃபொலாவுக்கும் வைக்க வேண்டும். நமக்கும் வைக்க வேண்டும்.

நமக்குமா என்று கேட்கிறீர்களா? மார்ச் 2025-இல் மலாய் வானொலி ஒன்றின் அறிவிப்பாளர்கள் காவடியாட்டத்தைக் கேலி செய்து காணொளி போட்டார்கள். நம் வயிறு எரிந்தது, நியாயம்தான். போலீஸ் புகார் கொடுத்தோம், அதுவும் நியாயம். ஆனால் அந்த நாள்களில் நம் இளைஞர்கள் சிலர் அடுத்தவர் சமயத்தைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று உங்கள் கைப்பேசியிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் அதைப் பகிர்ந்தும் இருப்பீர்கள். அதற்கு உரிமைப் போராட்டம் என்று பெயர் வைக்காதீர்கள்.

இனி, ஃபொலாவின் வேலைக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். 2018-லும் இதே மாதிரி எழுதி, வாரியம் அவரிடம் பேசியிருந்தது. அதன் பிறகுதான் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் எனப் பேசப்பட்ட புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுபடியும் எழுதினார். 2019 மே மாதம் மூவர் கொண்ட விசாரணைக் குழு, நடத்தை விதிகளைக் கடுமையாக மீறிவிட்டார் என்றது. வேலை போனது.

எனக்கு இதில் கைதட்ட மனம் வரவில்லை. ஏன் தெரியுமா? அந்த அணியில் டோங்கா, சமோவா, பிஜித் தீவுக்காரர்கள் பலர். ஆட்டத்துக்குப் பின் அவர்கள் வட்டமாக முட்டிபோட்டு ஜெபிப்பதைத் தொலைக்காட்சி அழகாகக் காட்டும். அவர்களில் ஒருவரான தனியேலா துபோ, எங்களுக்கும் அதே நம்பிக்கைதான், அப்படியானால் எங்கள் எல்லாரையும் நீக்கிவிடுங்கள் என்று எழுதினார். அந்த வார்த்தையில் இருந்த வலி பொய்யில்லை. உடம்பு வேண்டும், வாய் வேண்டாம் என்பது தோட்டத்துத் துரை நம் தாத்தாவிடம் சொன்ன அதே சேதி. விளம்பரதாரருக்குச் சங்கடம் என்றதும் முதலாளிக்கு வருகிற ஒழுக்கத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஃபொலாவைச் சில ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்திருக்கலாம். அணித் தோழர்களை விட்டே பகிரங்கமாகப் பதில் சொல்ல வைத்திருக்கலாம். எழுத்துக்குத் தண்டனை பிழைப்பைப் பறிப்பது என்று ஒரு வழக்கம் வந்துவிட்டால், அதை உங்கள் மேலதிகாரியும் கற்றுக்கொள்வார்.

சொல்லுக்குச் சொல் பதிலாக வர முடியும் என்பதற்கு ஃபொலாவின் கதையிலேயே சாட்சி இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ எரிந்து மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, ஓரினத் திருமணத்தை அனுமதித்ததற்குக் கடவுள் கொடுத்த தண்டனைபோல அதைப் பிரசங்கத்தில் பேசினார். அன்றைய பிரதமர் ஸ்காட் மோரிசன், அவரும் பெந்தெகொஸ்தே கிறிஸ்தவர்தான், அந்தப் பேச்சு இரக்கமற்றது என்று பகிரங்கமாகக் கண்டித்தார். அதே வேதத்தைப் படிக்கிறவர் சொன்ன அந்தக் கண்டனம், எனக்கு வாரியத்தின் நீக்கக் கடிதத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஃபொலாவ் ஒன்றும் தெருவுக்கு வந்துவிடவில்லை. வழக்குச் செலவுக்குக் கோஃபண்ட்மி தளத்தில் பணம் கேட்டார். அந்தத் தளம் பக்கத்தை நீக்கியதும், ஆஸ்திரேலியக் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று தானே 1 லட்சம் டாலர் போட்டு வேறு பக்கம் தொடங்கியது. சில நாள்களிலேயே 20 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2019 டிசம்பரில் இரு தரப்பும் ஒருவரிடம் ஒருவர் வருத்தம் தெரிவித்து, தொகையை வெளியில் சொல்லாமல் சமரசம் செய்துகொண்டார்கள். அவர் பிரான்ஸில் ஆடினார், ஜப்பானில் ஆடினார், 2022-இல் டோங்காவுக்கே ஆடினார்.

இப்போது உங்கள் மகனை நினைத்துப் பாருங்கள். கிள்ளானில் லோரி ஓட்டுகிறான், அல்லது ஷா ஆலாம் தொழிற்சாலையில் இரவு வேலை. கோபத்தில் சமயத்தைப் பற்றி நாலு வரி எழுதுகிறான். யாரோ அதைப் படம்பிடித்து நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். அவனுக்காக எந்த அமைப்பு லட்சம் டாலர் போடும்? எந்த ஜப்பான் அணி கூப்பிடும்?

அதனால் இன்று ராத்திரி அவனை உட்கார வைத்துப் பேசுங்கள். பேசாதே என்று சொல்லாதீர்கள். அநியாயத்தைப் பார்த்தால் எழுதட்டும், அமைச்சரைக் கேட்கட்டும், முதலாளியைக் கேட்கட்டும். யாருடைய சாமியையும் பிறப்பையும் மட்டும் தொடாமல் எழுதட்டும். நியமனக் கடிதத்தை எடுத்து, சமூக வலைத்தளம் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தொழிற்சங்கத்துக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். அதையும் மீறி வேலை போய்விட்டால், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் 20-ஆவது பிரிவின் கீழ் மனுக் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை, நேரில் போகலாம். துக்கத்தில் அந்த 60 நாளைத் தவறவிட்டுவிடாதீர்கள்.