திரை இருண்டால் கணனி இறந்துவிட்டதா?

பழைய கணனியொன்றின் திரை இருண்டுவிட்டால் நம்மவர் வீடுகளில் உடனடியாக வழங்கப்படும் தீர்ப்பு ஒன்றுதான்: கணனி போய்விட்டது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளை, "அதைத் தூக்கி எறியுங்கோ அப்பா, புது லப்டொப் வாங்கக் காசு அனுப்புறன்" என்று தொலைபேசியில் சொல்லிவிடுகிறது. பாசத்துடன் சொல்லப்படும் இந்த ஆலோசனையில் எனக்கு உடன்பாடில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்ட நாடு இது. பிள்ளை அனுப்பும் காசும் காசுதான். ஆனால் எனது மறுப்புக்குக் காரணம் காசு அல்ல. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எழுத்தே காரணம்.

கையெழுத்தைக் கைவிட்டுக் கணனிக்கு மாறிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அச்சேறிய எங்கள் கட்டுரைகள் ஏதோவொரு நூலகத்தில், ஏதோவொரு பழைய பத்திரிகைக் கட்டில் கிடைக்கக்கூடும். அச்சேறாதவை, இடமின்மையால் ஆசிரியபீடம் வெட்டியவை, நேர்காணல்களின் முழுப் பிரதிகள், ஊர் வரலாற்றுக் குறிப்புகள் ஆகியவற்றுக்கு அந்த வன்தட்டைத் தவிர வேறு பிரதி கிடையாது. ஓய்வுபெற்ற மூத்த நண்பர் ஒருவர், திரையில் ஒன்றும் தெரியவில்லை என்று தமது கணனியைக் கடையொன்றுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் பளிச்சென்ற திரையுடன் அது திரும்பி வந்தது. வன்தட்டு போமற் செய்யப்பட்டிருந்தது. பதினொரு வருட எழுத்து இல்லாமற் போயிற்று. கண்ணில் புரை விழுந்தவருக்கு நினைவை அழித்து வைத்தியம் பார்த்த கதைதான் இது.

திரை வேறு, கணனி வேறு. இதை நினைவில் வைத்தாலே பாதிப் பீதி குறைந்துவிடும். மொனிட்டரை மின்சாரத்தில் விட்டுவிட்டு, கணனியிலிருந்து வரும் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். சமிக்ஞை இல்லை என்ற அறிவித்தல் தோன்றினால் மொனிட்டர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அடுத்து அந்தக் கேபிளின் முனையைக் கவனியுங்கள். 1987 இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய, 15 ஊசித் துளைகளைக் கொண்ட வீ.ஜீ.ஏ. இணைப்பு அது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அதில் தனித்தனி ஊசிகளில் பயணிக்கின்றன. வெள்ளைப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. வளைந்த ஊசியொன்றை நிமிர்த்துவதாலோ, சில நூறு ரூபாவுக்கு வேறு கேபிள் வாங்குவதாலோ தீரும் கோளாறு இது.

தட்டைத் திரை முழுவதும் கறுப்பாக இருந்தால், அறையை இருட்டாக்கி ரோச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்னாலுள்ள விளக்கோ அதற்கு மின்சாரம் வழங்கும் பலகையோதான் பழுது. பழைய, பெட்டி போன்ற குழாய் மொனிட்டரை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதற்குள் ஆளைக் கொல்லக்கூடிய உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். வேறொரு வீட்டு மொனிட்டரை இரவல் வாங்கி இணைத்துப் பார்ப்பதே அங்கே பாதுகாப்பான சோதனை.

மொனிட்டர் நலமென்றால் கணனியின் ஒலியைக் கேளுங்கள். அவார்ட் வகை பயோஸ் உள்ளவை ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுப்பினால், கிராபிக்ஸ் காட்டில் கோளாறு. நமது கடற்காற்றும் ஈரலிப்பும் தொடுகைகளில் படியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, றாமையும் கிராபிக்ஸ் காட்டையும் கழற்றி, அவற்றின் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் அழுத்திப் பொருத்தினால் உயிர்பெற்ற கணனிகள் ஏராளம். 2000களின் முற்பகுதியில் தயாரான மதர்போட்கள் பலவற்றில் தரங்குறைந்த கப்பாசிற்றர்கள் இருந்தன. அவற்றின் தலை வீங்கியிருந்தால், ஈயம் ஒட்டத் தெரிந்த ஒரு வானொலி திருத்துனரே மாற்றித் தருவார். (அப்படியானவர்களும் ஊரில் அருகி வருகிறார்கள் என்பது வேறு கவலை.)

ஆரம்ப எழுத்துக்கள் தெரிந்து, விண்டோஸ் தொடங்கும்போது மட்டும் திரை இருண்டால் அது வன்பொருட் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. மொனிட்டரால் தாங்க முடியாத அளவு தெரிவுசெய்யப்பட்டிருக்கலாம், அல்லது கிராபிக்ஸ் காட்டுக்குரிய மென்பொருள் குழம்பியிருக்கலாம். எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7 இலும் தொடக்கத்தில் எப்8 விசையை அழுத்தி 'சேஃப் மோட்' வழியாக உள்ளே சென்று திருத்தலாம். "விண்டோஸ் புதிதாகப் போட வேணும்" என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அவருக்கு அது அரைமணி நேர வேலை. உங்களுக்கு அது என்னவென்று அவருக்குத் தெரியாது.

திரை சரியாக இருந்தும் தமிழ் மட்டும் சிதைந்து தெரிவது இன்னொரு வகை. அதையும் பழுதென்று எண்ணிக் கோப்புகளை அழித்தவர்கள் உண்டு. ஆங்கில எழுத்துக்களும் இடையிடையே அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பாமினி. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த எழுத்துரு பயன்படுத்துவது அரைப்புள்ளியின் இடத்தைத்தான். எழுத்துருவை நிறுவியதும் கட்டுரை எழுந்து நிற்கும். வெறும் கட்டங்களாகத் தெரிந்தாலோ, கொம்பும் எழுத்தும் இடம் மாறிப் பிரிந்து நின்றாலோ அது யூனிகோட் தமிழ். எக்ஸ்பியில், கொன்ட்ரோல் பனலிலுள்ள மொழிகளுக்கான பகுதியில், சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கோப்புகளை நிறுவும்படி ஒரு பெட்டியில் அடையாளமிட வேண்டும். பாமினியில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றுபவர்கள் மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. ஆங்கிலச் சொற்கள் கலந்த இடங்களில் மாற்றிகள் அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும்.

பழைய கணனியையே என்றென்றைக்கும் பாவிக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7 க்கானது 2020 ஜனவரியிலும் முடிந்துவிட்டன. அவற்றை இணையத்தில் இணைப்பது ஆபத்து. புதியதை வாங்குங்கள். ஆனால் பழையது வீட்டுப் படியைத் தாண்டுமுன் வன்தட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அநேகமாக நான்கு திருகாணிகளும் இரண்டு வயர்களும்தான். திரையே இல்லாவிட்டாலும், அதை யூ.எஸ்.பி. வழியாக வேறு கணனியுடன் இணைக்கும் சிறு கருவி போதும், உள்ளிருப்பதைப் பிரதியெடுக்கலாம். மிகப் பழைய, அகன்ற பட்டி வயர் கொண்ட ஐ.டி.ஈ. வகைத் தட்டுகளுக்கும் பொருந்துகின்ற கருவியா என்று பார்த்து வாங்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் சொக்லேட்டுடன் அதிலொன்றையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வரட்டும்.