விற்க முடியாமலிருந்த சீதன வீடு



இந்த மாதம் வீடு விற்பது பற்றி எழுதப்போகிறேன். வீடு கட்டுவது பற்றி எங்களுக்குச் சொல்லித்தர நிறையப் பேர் இருந்தார்கள். வீட்டுத்திட்டங்கள் வந்த காலத்தில் அத்திவாரம் எத்தனை அடி, எத்தனை பை சீமெந்து என்று கூட்டம் வைத்துச் சொன்னார்கள். விற்பதற்கு யாரும் கூட்டம் வைத்ததில்லை. ஆனால் நான் போகிற கிராமங்களில் கடனுக்காகவோ, பிள்ளையோடு போய் இருப்பதற்காகவோ வீட்டை விற்க நினைத்து, விலைபடாமல் வருடக்கணக்காகக் காத்திருக்கும் பெண்கள் பலர்.

தென்மராட்சியில் அப்படி ஒரு அக்கா. அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டரைப் பரப்புக் காணி, அதில் தகப்பன் கட்டிச் சீதனமாகக் கொடுத்த வீடு. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் கூரை போய், ஒரு பக்கச் சுவரும் விழுந்தது. 2002 சமாதான காலத்தில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினார்கள். 2007 இல் வேலைக்கென்று போன கணவர் திரும்பி வரவில்லை. ஒரே மகள் கலியாணம் முடித்து வவுனியாவில். அக்காவுக்கு நீரிழிவு, கால் ஏலாது. நகை முழுவதும் அடகில். மகளோடு போய் இருக்கலாம் என்று 2020 கடைசியில் வீட்டுக்கு விலை சொன்னார். 95 இலட்சம்.

நான் அவரைச் சந்தித்தது 2023 இல். அதுவரை வந்து பார்த்தவர்கள் பதினொரு பேர். ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை.

"ஏன் அக்கா 95?" என்று கேட்டேன். ஒரு கொப்பியை எடுத்துத் தந்தார். பிரான்சிலிருக்கும் தம்பி, "எங்கட பக்கம் பரப்பு இருபத்தைஞ்சு போகுது" என்று சொன்னாராம். இரண்டரைப் பரப்புக்கு அறுபத்திரண்டரை. மிச்சம் முப்பத்திரண்டரையும் வீட்டுக்கு. அதன் கீழே வரிசையாகக் கணக்கு. ஓடு, மரம், கிணறு இறைத்த கூலி, விற்ற தாலிக்கொடி, 2000 இல் இடம்பெயர்ந்தபோது கொடுத்த லொறிக் கூலிகூட இருந்தது.

அந்தக் கொப்பியைப் பார்த்து எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை. எங்கள் பெண்களில் அனேகமானோர் வீட்டுக்கு விலை வைப்பது இப்படித்தான். இழந்தது எல்லாவற்றையும் கூட்டி விலையாகச் சொல்கிறோம். வாங்க வருகிறவர் அதற்குக் காசு தரமாட்டார். தனக்குக் கிடைக்கப்போவதற்குத்தான் தருவார்.

தம்பி சொன்ன விலை பொய்யில்லை. அது கண்டி வீதியோரக் காணிக்கான விலை. அக்காவின் வீடு ஒழுங்கைக்குள். ஓட்டோ போகும், லொறி போகாது. கிணறு பங்குக் கிணறு. இந்த இரண்டும் விலையைக் குறைக்கும் என்பது வெளிநாட்டில் இருப்பவருக்கு நினைவில் இருக்காது. அயலில் அண்மையில் விற்ற ஒருவரையும் வாங்கிய ஒருவரையும் தேடிப் பிடித்தேன். விற்றவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், வாங்கியவர் கொஞ்சம் குறைத்துச் சொல்வார். இடையில் உண்மை இருக்கும். அந்த ஒழுங்கைப் பக்கம் பரப்பு 18 இலட்சம் போனது தெரிந்தது. காணிப் பதிவகத்தில் உறுதிகளைத் தேடிப் பார்த்தும் அறியலாம்தானே என்று கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் முத்திரை வரியைக் குறைப்பதற்காகப் பலர் உறுதியில் குறைந்த தொகையை எழுதுகிறார்கள். அதை நம்பி விலை வைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

காணி 45 இலட்சம் என்றாகியது. வீட்டுக்கு ஒரு மேசனைக் கூட்டிப்போய், இப்படி ஒன்றைக் கட்ட இன்றைக்கு என்ன முடியும், இதைத் திருத்த என்ன முடியும் என்று கேட்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தோம். 28 இலட்சம் வந்தது. எல்லாமாக 73. மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேட்பது இன்னும் நல்லது. வசதி இல்லாதவர்களுக்காகவே இந்த வழியைச் சொல்கிறேன்.

விலை சரியா பிழையா என்பதை வந்துபோகிறவர்களே காட்டித் தருவார்கள். இரண்டு மூன்று மாதமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் விலை கூட. வந்து பார்த்து விருப்பப்பட்டு, பிறகு சத்தமில்லாமல் போனால் பத்திரத்தில் ஏதோ குறை. வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே தொகையைக் கேட்டால், அதுதான் உங்கள் வீட்டின் விலை. உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதுதான்.

தரகர்மார் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கா மூன்று பேரிடம் சொல்லியிருந்தார். ஒருவர் 95 என்றார், ஒருவர் 100 என்றார், மற்றவர் "எண்பத்தைஞ்சுக்கு முடிச்சுத் தாறன்" என்று சொல்லித் திரிந்தார். வாங்க வந்தவர்கள் மூன்றையும் கேட்டுவிட்டு, இந்த வீட்டில் ஏதோ வில்லங்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். அவருடைய தரகுக் காசு எவ்வளவு என்பதை முதலிலேயே பேசுங்கள். மூல உறுதியை எந்தத் தரகரிடமும் கொடுக்க வேண்டாம், பிரதி போதும்.

ஆவணி மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வாங்குவார்கள் என்று பலர் காத்திருக்கிறார்கள். அக்காவும் இரண்டு ஆவணி காத்திருந்தார். ஒரு குடும்பம் வந்து, மாமரத்தடியில் படமும் எடுத்து, சந்தோசமாகப் போனது. அவர்களிடம் இருந்தது வெளிநாட்டுக் குடியுரிமை மட்டுமே. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைகளின் பெயருக்குக் காணியை விலைக்கு எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடையில்லை. யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்தால் இதை முதலில் கேளுங்கள்.

காத்திருப்பதற்கும் செலவு உண்டு. 2021 இல் ஒரு கடைக்காரர் 65 இலட்சம் கேட்டிருக்கிறார். அக்கா மறுத்துவிட்டார். 2022 இல் நாட்டுக்கு வந்த நிலை உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். 2021 இன் 65 இலட்சத்துக்கு வாங்கக்கூடியதை இரண்டு வருடம் கழித்து 75 இலட்சத்துக்கும் வாங்க முடியாது. இதற்கிடையில் அடகு வட்டி ஏறியபடி இருந்தது. தாய் தந்த சங்கிலி ஒன்று மூழ்கியே போய்விட்டது.

இவ்வளவையும் நான் படிப்படியாக விளக்கினேன். 73 என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா தலையாட்டினார். அடுத்த மாதம் போய்க் கேட்டால் தரகரிடம் மறுபடி 95 தான் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது சீதனம் பற்றி நாற்பது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. ஒரு பெண் தன் சீதன வீட்டை ஏன் விற்காமல் வைத்திருப்பாள் என்று அந்த நாற்பது பக்கத்தில் ஒரு வரி இல்லை.

தேநீர் தந்துவிட்டு அக்காவே சொன்னார். "பிள்ளை, விலையைக் குறைச்சா விலைப்பட்டிடும். பிறகு அவர் வந்தா எங்கை வருவார்? அவருக்குத் தெரிஞ்சது இந்தப் படலை மட்டும்தானே."

நான் மூன்று மாதமாக இலக்கங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த 95 இலட்சம் விற்பதற்காகச் சொன்ன விலையே இல்லை.

இன்னொரு பயமும் இருந்தது. தேசவழமைப்படி வடமாகாணத்துத் தமிழ்ப் பெண், திருமணம் முடித்தவளாக இருந்தால், தன் பெயரிலுள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. சீதனக் காணிக்கும் அதுதான். (மட்டக்களப்பு, அம்பாறைச் சகோதரிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் பொதுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள்.) "புருசன் கையெழுத்து இல்லாட்டி மரணச் சான்றிதழ் எடுங்கோ" என்று யாரோ அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "அவர் செத்திட்டார் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று அத்தோடு நின்றுவிட்டார்.

சகோதரிகளே, இதைக் கவனமாக வாசியுங்கள். மரணச் சான்றிதழ் தேவையில்லை. சம்மதம் வேண்டும் என்று சொல்கிற அதே 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே இதற்கு வழியும் வைத்திருக்கிறது. கணவன் இருக்குமிடம் தெரியவில்லை என்றால், கைவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அவருடைய சம்மதம் இல்லாமல் விற்க அனுமதி பெறலாம். "இறந்துவிட்டார்" என்று எங்கேயும் எழுதத் தேவையில்லை. "இருக்குமிடம் தெரியாது" என்பதே போதும். 2016 இல் சட்டத்தைத் திருத்தியபின், காணாமற்போனவர்களின் குடும்பங்கள் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறவும் முடியும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள். வீடு கணவனின் பெயரில் இருந்தால் நடைமுறை வேறு. அதையும் அங்கேயே கேட்க வேண்டும்.

வன்னியில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காணி அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் நீங்களாக விற்க முடியாது. வெள்ளைத்தாளில் எழுதிக் காசு வாங்கி, பிறகு வழக்கில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் பிரதேச செயலகத்துக் காணிக் கிளைக்குப் போங்கள்.

அக்கா விண்ணப்பித்தார். கிராம அலுவலரின் கடிதம், பொலிசில் 2007 இல் போட்ட முறைப்பாட்டின் பிரதி எல்லாம் பத்திரமாக வைத்திருந்தது உதவியது. கட்டளை கிடைக்கச் சில மாதங்கள் எடுத்தன. அதற்குள் நில அளவையாளரைக் கொண்டு புதிய படம் எடுத்து, சோலைவரி கட்டி, பிரதேச சபைச் சான்றிதழ்களும் வாங்கிவைத்தோம். தேசவழமையில் கூட்டுப் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு என்பதால் அந்த அறிவித்தலும் கொடுக்கப்பட்டது. மகள் தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். முற்றம் கூட்டி, விழுந்த வேலியை அடைத்து, கிணற்றையும் இறைத்தோம்.

விலை 78 என்று சொன்னோம். பேரம் பேசுவதற்கு ஐந்து இலட்சம் இடம்விட்டு. ஆறு வாரத்தில் நான்கு பேர் வந்தார்கள். பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவர் 70 என்று தொடங்கி 74 க்கு வந்தார். அன்றைக்கே ஒரு துண்டில் எழுதி ஐந்து இலட்சம் முற்பணம் தருவதாகச் சொன்னார். நல்ல மனுசிதான், ஆனாலும் நான் விடவில்லை. காணி விற்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். துண்டுக் கடதாசி உங்களையும் காப்பாற்றாது, அவரையும் காப்பாற்றாது.

உறுதி எழுத முதல்நாள் அக்கா அந்த ஆசிரியையிடம் ஒன்று கேட்டார். "ரீச்சர், ஆரும் வந்து என்னை விசாரிச்சா இந்த நம்பரைக் குடுப்பீங்களோ?" ஆசிரியை, படலையடியில் மின்மானிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரிலேயே எழுதிவிடச் சொன்னார். மகளின் தொலைபேசி இலக்கத்தையும் வவுனியா விலாசத்தையும் அக்கா தன் கையாலேயே பெயின்ரால் எழுதினார். முன்வீட்டுக்காரரிடமும் கிராம அலுவலரிடமும் எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் பேனையைத் தொட்டார்.

அடகு மீட்டது போக மிச்சத்தைத் தன் பெயரில் நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். மகளின் பெயரிலோ மருமகனின் பெயரிலோ இல்லை. அதை நான் வற்புறுத்திச் சொன்னேன்.

போன மாதம் அந்த ஒழுங்கையால் போனேன். சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். இலக்கம் எழுதிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்திருக்கிறார்கள்.