காட்டுப்பாதையில் வந்தவர்கள்

2020 மார்ச். எல்லையை மூடியாச்சு, பஸ் நின்னு போச்சு. கேரளத்து ஏலத்தோட்டங்களில் கூலிவேலை செய்த ராசிங்காபுரத்து ஆட்கள் மலைக்காடு வழியே நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் காட்டுத்தீ. செத்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. கொரோனா சாவுக் கணக்கில் இவர்கள் இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய மருத்துவக் கவுன்சில் மாணவர்களுக்குக் கொள்ளைநோய் பற்றித் தனிப்பாடம் வகுத்தது. நோயாளியிடம் பேசப் பழக்கும் பாடம் 2019லேயே வந்துவிட்டது. சரி, யார் கதையைக் கேட்கப் போறாங்க? 'சமூக இடைவெளி' என்று டாக்டர் சொன்னால் சேரியில் அது எப்படிக் காதில் விழும் என்று எந்தப் பாடத்தில் இருக்கு? (நமக்கொன்றும் புதுச்சொல் இல்லை.)

தேனி மருத்துவக் கல்லூரி கானாவிலக்கில்தான் இருக்கிறது. ஏலத்தோட்டத்துக் கிழவி ஒருத்தியை வகுப்புக்குக் கூப்பிட்டு நாற்காலி போடுங்கள். ஏன் அந்தக் காட்டுவழி என்று அவள் சொல்லட்டும். மாணவர்கள் குறிப்பெடுக்கட்டும்.