நான் அவசரப்பட்டுப் போட்ட ஐந்து நட்சத்திரம்

போன மாதம் உம்மாவுக்கு முழங்கால் வலி. டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய் சனல் பண்ணினால் முழு நாளும் போய்விடும். எனக்கும் பாடசாலை. அதனால் ஒரு செயலி வழியாக வீடியோவில் டொக்டரிடம் காட்டினேன். அவர் சிங்களத்தில் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். சிரித்த முகம், அன்பான பேச்சு. ஆறு நிமிடத்தில் மருந்துத் துண்டு போனுக்கு வந்தது. "சேவை எப்படி?" என்று செயலி கேட்டது. யோசிக்காமல் ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

பார்மசியில் நின்ற தம்பிதான் துண்டைப் பார்த்துவிட்டு, "சேர், உம்மாவுக்கு வேறு வருத்தம் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். உம்மாவுக்குப் பத்து வருடமாகச் சீனி. சிறுநீரகம் பலவீனம் என்றும் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. துண்டில் இருந்ததோ டைக்ளோஃபெனக். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்த வகை வலி மாத்திரை ஆபத்து. அல்ஹம்துலில்லாஹ், அந்த ஒரு கேள்வியால் தப்பினோம். டொக்டர் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வருடக்கணக்காக விடைத்தாள் திருத்துகிறவன் நான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று விடையை வாசிக்காமல் முழுப் புள்ளி போட்டால் என்னை என்ன சொல்வீர்கள்? அன்றைக்கு நான் செய்தது அதைத்தான்.

இந்தச் சேவையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்து தபாலில் வீடு தேடி வந்ததை மறக்க முடியாது. நடக்க முடியாத முதியவர்களுக்கும் தூரத்துக் கிராமங்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் தரத்தை அளக்கும் முறை மாற வேண்டும்.

என்னென்ன நோய், என்னென்ன மருந்து, எதற்கு ஒவ்வாமை என்பதைப் பதியாமல் துண்டு எழுத முடியாதபடி செயலி இருக்க வேண்டும். தமிழில் பேசும் டொக்டரைத் தெரிவுசெய்ய வழி வேண்டும். பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது பாதி விசயம் வழியிலேயே விழுந்துவிடுகிறது. துண்டில் டொக்டரின் பெயரும் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கமும் தெளிவாக இருக்க வேண்டும். எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். நட்சத்திரத்தை மூன்று நாள் கழித்து, "சுகமா? மருந்து ஒத்துக்கொண்டதா?" என்று விசாரித்துவிட்டுக் கேட்கட்டும். முறைப்பாடுகளை அந்தக் கம்பனியே விசாரித்து முடிக்காமல், சுகாதார அமைச்சும் பார்க்க வேண்டும்.

நம் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. கோல் எடுக்க முன் கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்துகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் வாசித்துக் காட்டுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் செயலியைத் திறக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். இன்னொரு உம்மாவுக்கு உதவும்.