142-0 என்று சிரிப்பவர்களுக்கு...

நமீபியா ரக்பி என்றாலே 2003-ல் ஆஸ்திரேலியாவிடம் 142-0 என்று தோற்றதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 1999 முதல் 2023 வரை ஏழு உலகக் கோப்பை, ஆடிய 26 ஆட்டத்திலும் தோல்வி. சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் சுதந்திரம் கிடைத்த மறு வருடமே, 1991-ல், விண்ட்ஹுக் வந்த அயர்லாந்தை இரண்டு முறை மண்ணைக் கவ்வ வைத்ததும் இதே நமீபியாதானே? அதை யார் சொல்கிறார்கள்?

பெரிய அணிகளோடு மோத, பெரும்பாலும் உலகக் கோப்பை வரை காத்திருக்க வேண்டியதுதான். 2025-ல் ஜிம்பாப்வேயிடம் 30-28 என்று தோற்றதில் 2027-க்கான நேரடி இடமும் போச்சு. 2026 நேஷன்ஸ் சாம்பியன்ஷிப்பின் 12 அணிகளில் ஆப்பிரிக்காவுக்குத் தென்னாப்பிரிக்கா மட்டும்! சந்தைக்குள்ளேயே விடாமல், வியாபாரம் தெரியாதவன் என்று திட்டுவது என்ன நியாயம்?