பத்தாம் வாரத்துக்கு முன்னால்

கர்ப்பிணியை இத்தனை முறை பார்க்கத் தேவையில்லை என்கிறது அமெரிக்கா. அந்நாட்டு மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் கல்லூரி 2025 ஏப்ரலில் வெளியிட்ட எட்டாம் எண் ஒருமித்த அறிக்கை, 1930இல் வகுக்கப்பட்டு ஏறக்குறைய அப்படியே தொடர்ந்துவந்த 12 முதல் 14 சந்திப்பு அட்டவணையிலிருந்து விலகியிருக்கிறது. ஆபத்துக் குறைந்தவர்களுக்குச் சந்திப்புகளைக் குறைக்கலாம், சிலவற்றைக் காணொலியிலேயே முடிக்கலாம் என்பது அதன் சாரம். இதில் தமிழ்நாட்டு மகப்பேறு மருத்துவர்களும் செவிலியர்களும் எந்தப் பக்கம் நிற்பது?

எண்ணிக்கையைப் பொறுத்தவரை பதில் எளிது: இங்கே குறைப்பதற்கு ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே எட்டுச் சந்திப்புகள் வேண்டும் என்றது. இந்தியாவின் குறைந்தபட்சம் நான்கு. அந்த நான்கும் கிடைத்தவர்கள் நாட்டளவில் 58 சதவீதம்தான் என்று ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) காட்டியது. பதினான்கிலிருந்து இறங்கி வருகிறவர்களின் சிக்கனம், நான்கையே எட்டாதவர்களுக்குப் பொருந்தாது.

அறிக்கையின் இன்னொரு பரிந்துரைதான் இங்கே பேசப்பட வேண்டியது. முதல் முழு மதிப்பீடு பத்தாம் வாரத்துக்கு முன்பே நடந்துவிட வேண்டும் என்று அது சொல்கிறது. சந்திப்புகளைக் குறைக்கும் துணிவு அவர்களுக்கு அந்த அஸ்திவாரத்திலிருந்துதான் வருகிறது. யாருக்கு ஆபத்து குறைவு என்று முதலில் தெரிந்தால்தானே யாருக்குக் குறைப்பது என்று முடிவுசெய்ய முடியும்?

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கின்றன. நான்கு சந்திப்புகளை முடிப்பவர்கள் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறார்கள். ஆனால் முதல் மும்மாதத்திலேயே பரிசோதனைக்கு வந்தவர்கள், அதே ஆய்வின்படி, சுமார் 77 சதவீதம். கடைசிவரை ஒழுங்காக வருகிற பெண்களிலேயே பலர் தொடக்கத்தில் வருவதில்லை என்று பொருள்.

அந்த வாரங்களில் அவர்கள் சும்மா இருப்பதில்லை. நாள் தள்ளிப்போனதும் மருந்துக்கடையில் கிட் வாங்கி இரண்டு கோடு பார்த்துவிடுகிறார்கள். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளிய சொல்லிக்கலாம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்ல, கணவனும் மனைவியும் மட்டும் தனியார் ஆய்வகத்துக்குப் போய் பீட்டா ஹெச்சிஜி எடுக்கிறார்கள். கையில் கிடைக்கும் தாளில், கடைசி மாதவிடாயிலிருந்து ஐந்தாம் வாரத்துக்கு இயல்பு அளவு 18 முதல் 7,340 வரை என்று அச்சாகியிருக்கும். அவர்களுடைய எண் 240. இது நல்லதா, கெட்டதா? விளக்க யாரும் இல்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுக்கிறார்கள். எண் இரட்டிப்பாகவில்லை. அன்று இரவு அந்த வீட்டில் தூக்கம் இருக்காது.

இரட்டிப்பாகியே தீர வேண்டும் என்ற பழைய விதியை 2016இல் வந்த பார்ன்ஹார்ட் குழுவின் ஆய்வு தளர்த்திவிட்டது. தொடக்க அளவு 1,500க்குக் கீழ் என்றால் இரண்டு நாளில் குறைந்தபட்ச உயர்வு 49 சதவீதம்; 1,500 முதல் 3,000 வரை 40 சதவீதம்; அதற்கு மேல் 33 சதவீதம். கருவில் 7 மில்லிமீட்டர் நீளத்தில் துடிப்பு இல்லாவிட்டாலோ, கருவைச் சூழும் பை (கருவுறை) 25 மில்லிமீட்டர் சராசரி விட்டத்தில் காலியாக இருந்தாலோ தவிர, ஒரே ஸ்கேனில் கரு நிலைக்காது என்று முடிவுகட்டக் கூடாது என்ற அளவுகோல் 2013 முதல் இருக்கிறது. ஒற்றை ஹெச்சிஜி எண்ணை வைத்து மெத்தோட்ரெக்ஸேட் போடக் கூடாது என்பதும் அப்போதே வலியுறுத்தப்பட்டது. இவை இவ்விதழின் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தத் தம்பதி முதலில் காட்டுவது இவற்றைத் தெரிந்த ஒருவரிடம் என்பதற்கு இன்றைய ஏற்பாட்டில் எந்த உத்தரவாதமும் இல்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு புரோஜெஸ்டிரோன் சீட்டு. 4,153 பெண்கள் பங்கேற்ற பிரிஸம் ஆய்வு (2019) ஒட்டுமொத்தமாகத் தெளிவான பலனைக் காட்டவில்லை. முன்பு கருச்சிதைவு ஏற்பட்டு, இப்போது ரத்தக்கசிவும் உள்ளவர்களிடம்தான் பலனுக்கான அறிகுறி தெரிந்தது.

இங்கிலாந்தில் இந்த இடைவெளிக்கென்றே தொடக்ககாலக் கர்ப்பப் பிரிவுகள் இயங்குகின்றன. வாரத்தின் ஏழு நாளும் அந்தச் சேவை வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டுதல். இங்கோ, ஆறாம் வாரத்தில் ஒரு பக்கமாக வயிறு வலித்துக் கசிவும் கண்ட பெண் விபத்துப் பிரிவில் போய் வரிசையில் நிற்கிறாள். கருக்குழாய்க் கர்ப்பமாக இருந்தால் அந்த வரிசை அவள் உயிரோடு விளையாடுகிறது.

அரசுகள் இந்த வாரங்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி மருத்துவரே கர்ப்பிணிகளைப் பார்க்கும் மத்திய அரசுத் திட்டம் 2016இல் வந்தது. அது இரண்டாம், மூன்றாம் மும்மாதத்தினருக்கு மட்டும். முதல் மும்மாதத்துப் பெண் ஏன் விலக்கப்பட்டாள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணைகள் ஐந்திலிருந்து மூன்றாகச் சுருங்கியபோது, முதல் பணம் நான்காம் மாதத்துக்குத் தள்ளிப்போனது. சீக்கிரம் வந்தவளுக்குச் சீக்கிரம் கை கொடுத்த ஏற்பாடும் அதோடு போயிற்று. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கப்படும் கணக்கோ, 12 வாரத்துக்குள் அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளமான பிக்மியில் எத்தனை பதிவு என்பது. பதிவு எண் கிடைத்த பெண்ணை யாராவது உட்காரவைத்துப் பேசினார்களா, ரத்த அறிக்கையைப் படித்துச் சொன்னார்களா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. இதற்கு அந்தச் செவிலியரைக் குறைசொல்வது அநியாயம். தரவேற்றத்துக்கு அவர் செலவிடும் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

தாமதத்தின் விலையைப் பரிசோதனைப் பட்டியலே சொல்கிறது. ஹீமோகுளோபின், ரத்தப் பிரிவு, ஹெச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ்-பி, தைராய்டு, முதல் சந்திப்பிலேயே செய்ய வேண்டிய 75 கிராம் குளுக்கோஸ் சோதனை. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் மரபணு இருப்பது 1952இலேயே தெரியவந்தது. அங்கே ஒரு பெண் எட்டாம் வாரத்தில் வந்தால், ஹெச்பிஎல்சி எடுத்து, கணவனுக்கும் எடுத்து, தேவைப்பட்டால் 11ஆம் வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு பரிசோதனைக்கு அனுப்பலாம். அவள் 13ஆம் வாரம் வந்தால் அறிக்கைகள் கைக்கு வருவதற்குள் அந்த வாய்ப்பு கடந்துவிடும். என்டி ஸ்கேனும் 14ஆம் வாரம் பிறப்பதற்குள் முடிந்தாக வேண்டும்.

ஆகவே இவ்விதழ் கேட்பது இவை. ஒன்பதாம் தேதி முகாமில் முதல் மும்மாதத்தினரையும் சேர்க்க வேண்டும். நிதியுதவியின் ஒரு பகுதியைப் பத்தாம் வாரத்துக்கு முந்தைய சந்திப்போடு இணைக்க வேண்டும். தாலுகா மருத்துவமனைகளில் வாரத்துக்கு ஒரு பிற்பகலாவது தொடக்ககாலக் கர்ப்பத்துக்கென்று ஒதுக்கி, ஸ்கேனும் ஹெச்சிஜியும் அங்கேயே கிடைக்கச் செய்ய வேண்டும். ஆய்வகங்கள் ஹெச்சிஜி அறிக்கையில், ஒற்றை எண்ணை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பதைத் தமிழில் அச்சிட வேண்டும்.

வாசக மருத்துவர்களும் செவிலியர்களும் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். கிட்டில் இரண்டு கோடு தெரிந்தது என்று போன் செய்யும் பெண்ணிடம் "மூணாம் மாசம் வாம்மா" என்று சொல்லாமல், எட்டாம் வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள். அதற்குள் வலியோ கசிவோ கண்டால் அழைக்க ஒரு எண்ணையும் கொடுங்கள்.