வலியிலுமா பேதம்?

'நான் யாரிடமும் வித்தியாசம் பார்ப்பதில்லை' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. வெள்ளையர்களான மருத்துவ மாணவர்கள், பயிற்சி டாக்டர்கள் 222 பேரை விசாரித்தார்கள். சுமார் பாதிப்பேர், 'கறுப்பர்களுக்குத் தோல் தடிமன்' என்பது போல ஏதாவதொரு கட்டுக்கதையை நம்பினார்கள். படித்த படிப்பெல்லாம் எங்கே போச்சு? அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே எடை போட்டார்கள். சிகிச்சைக்குச் சொன்ன யோசனையும் சரியாக இல்லை. இதற்கு வெறுப்பு வேண்டியதில்லை, காதில் விழுந்து ஊறிப்போன பேச்சே போதும்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மா இடுப்பு வலி என்றால், 'உழைச்ச உடம்பு, தாங்கும்' என்கிறோமே, அது மட்டும் என்னவாம்? நாளைக்கு அவரிடம், 'எங்கே வலிக்குது, எத்தனை நாளா?' என்று கேட்டுப் பாருங்களேன்.